பூட்டு ஊரில் விடிய விடியத் திருடன்!

திண்டுக்கல் பூட்டைத் தெரியாதவர்கள் யார்? மாங்காய் வடிவத்தில் ஒரு பூட்டு. சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும் இன்னொரு பூட்டு. இப்படிக் கையால் செய்யும் பூட்டுகள் அந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தன. 2019-ம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு என்ற சிறப்பும் கிடைத்தது. வேறு ஊரில் செய்த பூட்டை இந்தப் பெயரில் விற்கக் கூடாது என்பது அதன் பொருள்.

திருடனை வாசலுக்கு வெளியே நிறுத்துவதற்காகவே இரும்பை அடித்து, அராவி, உழைத்த ஊர் இது. ஆனால் அந்த வட்டாரத்தில் அம்மன் கோவில் திருவிழா வந்துவிட்டால் நடப்பது என்ன?

வீட்டைப் பூட்டுகிறார்கள். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார்கள். பிள்ளைகுட்டிகளோடு கிளம்புகிறார்கள். எங்கே? விடிய விடிய உட்கார்ந்து ஒரு திருடனைப் பார்க்க!

மேடையில் வரும் திருடனைத்தான். அவனைப் பிடித்துக் கொடுக்க யாரும் எழுந்திருப்பதில்லை. அவன் பாடினால் கை தட்டுகிறார்கள். அவனைத் தண்டித்தால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். இது என்ன விந்தை?

கள்ளபார்ட்

நாடக மேடையில் ஒவ்வொரு வேடத்துக்கும் ஒரு பெயர் உண்டு. அரசன் அல்லது கதாநாயகன் வேடம் ராஜபார்ட். கதாநாயகி வேடம் ஸ்திரீபார்ட். சிரிக்க வைப்பவர் பபூன். திருடன் வேடத்துக்கும் தனிப்பெயர் இருக்கிறது. அதுதான் கள்ளபார்ட்!

இது எல்லோருக்கும் வரக்கூடிய வேடம் அல்ல. துள்ளிக் குதித்து ஆட வேண்டும். ஆடிக்கொண்டே பாட வேண்டும். பார்ப்பவர்கள் பயப்படவும் வேண்டும், சிரிக்கவும் வேண்டும். 'சதாரம்' நாடகத்தில் வரும் திருடன் வேடம் அப்படிப்பட்டது. கன்னட நாட்டிலும் இந்தக் கதை நாடகமாக நடந்தது. அங்கே குப்பி வீரண்ணா என்ற பெரிய நடிகர் இந்தத் திருடன் வேடத்தில்தான் புகழ் பெற்றார். தமிழ் சினிமாவில் 'கள்ளபார்ட்' நடராஜன் என்று ஒருவர் இருந்தார். அந்தப் பட்டம் அவருக்கு மேடை தந்தது.

திண்டுக்கல் சமவெளியில் நடப்பது பெரும்பாலும் ஸ்பெஷல் நாடகம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவார். பபூன் மூன்றாவது ஊர். மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி போன்ற ஊர்களில் நாடக நடிகர்களுக்குச் சங்கங்கள் இருக்கின்றன. அங்கிருந்து ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பேசி அமர்த்துகிறார்கள். அன்று இரவு மேடையில்தான் எல்லோரும் ஒன்று சேர்கிறார்கள். ஒத்திகையே கிடையாது!

ஒத்திகை இல்லாமல் எப்படி நடிக்க முடியும்? எல்லோருக்கும் ஒரே ஆசிரியர் இருப்பதால்தான். அவர் தூத்துக்குடிச் சீமையில் 1867-ல் பிறந்து, 1922-ல் புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்', 'சத்தியவான் சாவித்திரி' என்று அவர் நாடகங்களை எழுதிக் குவித்தார். பையன்களைச் சேர்த்து வைத்து, பாட்டும் வசனமும் சொல்லிக் கொடுத்தார். அவர் மறைந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அவர் வகுத்த வழியில் முன்பின் பார்க்காத இரண்டு நடிகர்கள் இன்றும் மேடையில் எதிரும் புதிருமாக நின்று பாட முடிகிறது.

இரவு பத்து மணி சுமாருக்கு ஹார்மோனியம் முழங்கும். மிருதங்கமும் தாளமும் சேர்ந்துகொள்ளும். முதலில் பபூன் வருவார். நடுநிசி வரை ஒரே சிரிப்பு. அதன் பிறகுதான் கதை சூடு பிடிக்கும். தூங்கும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

திருடனைப் பிடித்தவனே திருடன்!

அப்படி நிமிர்ந்து உட்கார வைக்கும் கதைகளில் ஒன்று மதுரைவீரன் கதை.

காசி ராஜாவுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை, நாட்டுக்கு ஆகாது என்று சோதிடர்கள் சொன்னார்கள். பிள்ளையைக் காட்டிலே விட்டார்கள். செருப்புத் தைக்கும் சின்னானும் அவன் மனைவி செல்லியும் குழந்தையைக் கண்டெடுத்து, தங்கள் பிள்ளையாக வளர்த்தார்கள். ராஜாவுக்கு வேண்டாத பிள்ளை, ஏழைக்குச் செல்வமாயிற்று.

பையன் வாலிபன் ஆனான். பொம்மண்ண நாயக்கர் மகள் பொம்மி, பருவம் அடைந்து தனிக்குடிசையில் இருந்தாள். அங்கே இரவுக் காவல் சின்னானுடைய வேலை. ஒரு மழை நாளில் தகப்பனுக்குப் பதிலாக மகன் காவலுக்குப் போனான். காவலுக்குப் போன இடத்தில் காதல் பிறந்தது. இருவரும் ஊரை விட்டே போனார்கள். துரத்தி வந்த பொம்மண்ணர் சண்டையில் மாண்டார்.

திருச்சியில் வீரனுக்குப் படையில் வேலை கிடைத்தது. அப்போது மதுரைப் பக்கத்தில் கொள்ளையர் தொல்லை. அழகர்மலைச் சாரலில் மறைந்திருந்து வழிப்பறி செய்தார்கள். அவர்களை அடக்க வீரனை அனுப்பினார்கள். அவனும் அடக்கினான். மதுரை மன்னர் திருமலை நாயக்கர் மகிழ்ந்தார் என்று கதை சொல்கிறது.

இங்கேதான் விதி விளையாடியது. அரண்மனையைச் சேர்ந்த வெள்ளையம்மாள் மேல் வீரன் மனம் வைத்தான். இரவில் அவளைத் தேடிப் போனான். காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள். "திருடன் அகப்பட்டான்" என்று அரசரிடம் சேதி போயிற்று. யார், எவர் என்று அரசர் விசாரிக்கவில்லை. மாறு கால், மாறு கை வாங்கும்படி உத்தரவிட்டார். வலக்கையும் இடக்காலும் என்று மாற்றி வெட்டுவதுதான் அந்தத் தண்டனை.

திருடர்களை அடக்கியவன், திருடன் என்று தண்டிக்கப்பட்டான்! பொம்மியும் வெள்ளையம்மாளும் வந்து கதறிய பிறகுதான் அரசருக்கு உண்மை தெரிந்தது. வெட்டிய பிறகு தெரிந்து என்ன செய்ய?

ஆனால் ஜனங்கள் அந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ளவில்லை. அவனைச் சாமி ஆக்கிவிட்டார்கள். மதுரை மீனாட்சி அம்மன் கோவிலில் கிழக்குக் கோபுரத்தின் அருகே இன்றும் மதுரைவீரனுக்குச் சன்னதி இருக்கிறது. திருடன் என்று தள்ளப்பட்டவன், கோவிலுக்கே காவல் நிற்கிறான். அரசன் கொடுத்த தண்டனைக்கு ஜனங்கள் எழுதிய மறு தீர்ப்பு இது.

1956-ல் இந்தக் கதை எம்.ஜி.ஆர். நடித்த படமாக வந்தது. பொம்மியாக பானுமதியும் வெள்ளையம்மாளாக பத்மினியும் நடித்தார்கள். கண்ணதாசன் வசனம், ஜி.ராமநாதன் இசை. படம் பெரும் வெற்றி. ஆனால் படம் வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே தெருவிலும் திடலிலும் வீரனுக்குக் கை கால் வெட்டும் காட்சியில் ஜனங்கள் அழுதுகொண்டுதான் இருந்தார்கள்.

மேடை என்ற நீதிமன்றம்

கோவலன் கதையையும் நினைத்துப் பாருங்கள். அங்கேயும் மதுரைதான். அங்கேயும் அரசன் விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னான். அங்கேயும் திருடாதவன் திருடன் என்று வெட்டுப்பட்டான். சாட்சி சொல்லக் கண்ணகி ஒற்றைச் சிலம்போடு வந்தாள்.

அரிச்சந்திரன் கதை என்ன? செய்யாத கொலைக்காக மனைவி சந்திரமதி வெட்டுப் பாறைக்கு வருகிறாள். வெட்ட வேண்டியவன் புருஷன்!

எத்தனை நாடகங்களில் இந்த ஒரே வழக்கு நடக்கிறது பாருங்கள்! ராஜா ஒருவனைக் குற்றவாளி என்கிறார். பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் 'இல்லை' என்கிறார்கள். ஏழை எளியவர்களுக்குக் கோர்ட்டுப் படி ஏறுவது சுலபம் அல்ல. ஏறினாலும் அவர்கள் சொல் எடுபடுமோ, எடுபடாதோ! ஆனால் வருஷத்தில் ஒரு நாள், ஊர்ப் பொட்டலில், அவர்களே நீதிபதிகள். அதனால்தான் பூட்டுச் செய்கிறவரும் திருடனுக்காகக் கண் கலங்குகிறார்.

சில சமயம் நடிகரே குற்றவாளி ஆவதும் உண்டு. 1886-ல் பிறந்த விசுவநாத தாஸ் அப்படிப்பட்டவர். வெள்ளைக்காரன் ஆட்சியில் முருகன் வேடத்தில் நின்றுகொண்டே தேச விடுதலைப் பாட்டுப் பாடினார். சர்க்கார் அவரைப் பலமுறை சிறையில் போட்டது. வெளியே வந்ததும் மறுபடி மேடை, மறுபடி அதே பாட்டு. 1940 டிசம்பர் 31 அன்று, சென்னையில் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. சர்க்கார் கணக்கில் குற்றவாளி. ஜனங்கள் கணக்கில் தியாகி.

ஜெர்மனியிலும் ஒரு கள்ளபார்ட்!

இது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கம் என்று நினைக்க வேண்டாம்.

இங்கிலாந்தில் ராபின் ஹூட் என்று ஒரு கதை வீரன். ஷெர்வுட் காட்டில் வில்லும் அம்புமாகத் திரிந்தவன். இருப்பவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுத்தான் என்று பாட்டுகள் பாடுகின்றன. சட்டம் அவனை ஊர் விலக்கிய குற்றவாளி என்றது. ஜனங்கள் அவனைத் தலைமுறை தலைமுறையாகப் பாடினார்கள்.

ஜெர்மனி நாட்டுக்காரர்களுக்கும் இப்படிப்பட்ட கதைகள் மேல் மோகம். 1782-ல் மான்ஹைம் நகரில், ஷில்லர் என்ற இளம் கவிஞர் எழுதிய 'கொள்ளையர்கள்' நாடகம் அரங்கேறியது. ஷில்லர் அப்போது பட்டாளத்து டாக்டர். சொல்லாமல் கொள்ளாமல் போய்த் தன் நாடகத்தைப் பார்த்து வந்தார். அவருடைய பிரபு அவரைச் சிறை வைத்து, இனிமேல் இப்படிப்பட்டவற்றை எழுதவே கூடாது என்று உத்தரவிட்டார். ஷில்லர் என்ன செய்தார்? அந்த ராஜ்யத்தை விட்டே ஓடிவிட்டார்!

சுமார் நூறு வருஷம் கழித்து, அதே ஜெர்மனியில் ஆல்பர்ட் டீட்ரிக் என்ற சங்கீத வித்வான் ராபின் ஹூட் கதையை ஆபராவாக அமைத்தார். ஆபரா என்றால் வேறொன்றும் இல்லை. நம்மூர் இசை நாடகம் மாதிரிதான். வசனம் குறைவு அல்லது இல்லவே இல்லை. கோபமும் பாட்டு, காதலும் பாட்டு, சாவும் பாட்டு. பக்கவாத்தியத்துக்கு ஒரு ஹார்மோனியத்துக்குப் பதிலாகப் பெரிய வாத்திய கோஷ்டி.

டீட்ரிக் சாமானியர் அல்ல. ஷூமன் என்ற மேதையின் சீடர். பிராம்ஸ் என்ற மேதையின் நண்பர். 1853-ல் இந்த மூவரும் சேர்ந்து, தங்கள் பிடில் நண்பர் ஒருவருக்காக ஆளுக்குக் கொஞ்சமாக ஒரு சங்கீதம் அமைத்துக் கொடுத்தார்கள். அதன் முதல் பகுதி டீட்ரிக் செய்தது.

அவருடைய 'ராபின் ஹூட்' 1879-ல் பிராங்பர்ட் நகரில் அரங்கேறியது. பிறகு? மேடையிலிருந்து மறைந்தது. 1908-ல் டீட்ரிக்கும் காலமானார். ஷூமனையும் பிராம்ஸையும் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது. டீட்ரிக்கை மறந்தது. அவருடைய திருடனையும் மறந்தது. அந்த ஆபராவைக் கேட்டவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோனார்கள்.

அவ்வளவுதான் என்று நினைப்பீர்கள். இல்லை! 2011-ம் ஆண்டில் எர்பர்ட் நகரத்து நாடக சாலையில் அதே 'ராபின் ஹூட்' மறுபடி மேடை ஏறியது. 132 வருஷம் கழித்து அந்தப் பாட்டுகள் மறுபடி ஒலித்தன. இசைத்தட்டாகவும் வெளிவந்தது.

யாருக்கும் ஞாபகம் இல்லாத பாட்டு எப்படித் திரும்பி வந்தது? எல்லாம் காகிதத்தில் இருந்தது! பாடகர் எந்தச் சுரத்தில் எடுக்க வேண்டும், பிடில் எப்போது சேர வேண்டும், எத்தனை தாளம் நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றையும் டீட்ரிக் எழுதி வைத்திருந்தார். அதைப் பிரித்து வைத்தார்கள், வாசித்தார்கள். செத்தவன் எழுந்து வந்த மாதிரி பாட்டு எழுந்து வந்தது.

நம்முடைய பாட்டு எங்கே இருக்கிறது?

இப்போது திண்டுக்கல்லுக்குத் திரும்பி வருவோம்.

மதுரைவீரன் கதை காகிதத்தில் இல்லையா? இருக்கிறது. 'பெரிய எழுத்து' புத்தகங்கள் என்று ஒரு வகை உண்டு. புதிதாகப் படிக்கக் கற்றவர்களும் எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். பெரிய பெரிய எழுத்து, குறைந்த விலை. திருவிழாக் கடையில் வாங்கி வந்து, வீட்டில் ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். மதுரைவீரன் கதையும் அப்படி அச்சாகி வந்ததுதான். நாடகப் பாட்டுப் புத்தகங்களும் அச்சாகி வந்தன.

ஆனால் அந்தப் புத்தகங்களில் இருப்பது சொல் மட்டும்தான். மெட்டு இல்லை!

பழைய நாடகப் பாட்டுப் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். பாட்டின் தலையில் ராகம், தாளம் என்று இரண்டு பெயர் இருக்கும். அல்லது 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று போட்டிருக்கும். அதாவது, ஜனங்களுக்குத் தெரிந்த வேறொரு பாட்டின் மெட்டில் இதையும் பாடிக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் அது போதும். அந்த வேறொரு பாட்டு எல்லோர் வாயிலும் இருந்தது.

இன்று அந்த வேறொரு பாட்டை யார் பாடுகிறார்கள்? அது மறந்துபோனால் இதுவும் ஊமை. சாவியைத் தொலைத்த பூட்டு மாதிரி, சொல் அப்படியே இருக்கும், உள்ளே இருக்கும் பாட்டை எடுக்க முடியாது.

ராகத்தின் பெயர் தெரிந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ராகம் ஓர் ஊருக்குப் போகும் சாலை மாதிரி. அந்தச் சாலையில் எங்கே நின்றார், எங்கே திரும்பினார், எங்கே ஓடினார் என்பதுதான் மெட்டு. அது மூத்த ராஜபார்ட்டின் தொண்டையிலும், ஹார்மோனியக்காரரின் விரலிலும்தான் இருக்கிறது. அவர்கள் அதைப் புத்தகத்தில் படித்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் பிடித்தார்கள். அவர்களிடம் அடுத்தவர் கேட்டுப் பிடித்தால் உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்களிலேயே பல இன்று கைக்குக் கிடைக்காமல் போய்விட்டன. 'வள்ளி திருமணம்' போல ஊர் ஊராக நடந்துகொண்டே இருப்பவை மட்டும் பிழைத்தன. ஜெர்மனியின் திருடனைக் காகிதம் காப்பாற்றியது. நம்முடைய திருடனை வாயும் காதும்தான் காப்பாற்றி வருகின்றன. ஒரு தலைமுறை கேட்காமல் விட்டால், 132 வருஷம் கழித்துத் தேடி எடுக்க எதுவும் இருக்காது.

பத்து மணிச் சங்கடம்

கேட்பதற்கும் இப்போது பல சங்கடங்கள்.

2000-ம் ஆண்டில் ஒலி மாசு பற்றிய மத்திய அரசு விதிகள் வந்தன. திறந்த வெளியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது அதில் ஒன்று. நோயாளிகளும் படிக்கிற பிள்ளைகளும் தூங்க வேண்டும். விதி நியாயமானதுதான். ஆனால் நாடகம் தொடங்குவதும் இரவு பத்து மணி சுமாருக்கு, முடிவதும் பொழுது விடிந்து! இரண்டும் ஒரே நேரத்தில் வந்து மோதுகின்றன. போலீஸ் அனுமதி கிடைக்குமா, எத்தனை மணி வரை கிடைக்கும் என்று விழாக் கமிட்டியார் அலைய வேண்டியிருக்கிறது. நேரத்தைச் சுருக்கினால் வெட்டுப்படுவது பாட்டுதான்.

2020, 2021 ஆண்டுகளில் கொரோனா வந்தது. திருவிழாக்கள் நின்றன. மாசி முதல் ஆடி வரை நடக்கும் நாடகங்களில் வரும் வருமானத்தை வைத்துத்தான் நாடகக் குடும்பங்கள் வருஷத்தை ஓட்டுகின்றன. அந்தப் பருவம் ஒன்றல்ல, இரண்டு வருஷம் கெட்டது. ராஜ உடையைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டு, கிடைத்த கூலி வேலைக்குப் போனவர்கள் உண்டு.

சினிமா மெட்டும் மேடைக்குள் வந்துவிட்டது. இளைஞர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். கேட்பவர் விரும்புவதைப் பாடுவது நடிகர் தொழில். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. இப்போது ஊருக்கு ஊர் கைபேசி வந்துவிட்டது. நாடகத்தை முழுக்கப் படம் பிடித்து வைக்கிறார்கள். டீட்ரிக் காலத்தில் காகிதம் செய்த வேலையை இது செய்யலாம். ஆனால் படம் பிடித்தால் மட்டும் போதாது. எந்த நாடகம், எந்தப் பாட்டு, எந்த மெட்டு, பாடியவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று சேர்த்துச் சொல்லி வைக்க வேண்டும். பெயர் எழுதாத பொட்டலத்தை நூறு வருஷம் கழித்து யாரால் பிரித்து அறிய முடியும்?

உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருப்பார்கள். விடிய விடிய நாடகம் பார்த்தவர்கள். பல்லுப் போனாலும் பாட்டுப் போகாதவர்கள். மதுரைவீரன் பாட்டில் நாலு அடி, கோவலன் பாட்டில் இரண்டு அடி அவர்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கைபேசியில் பதிந்தும் வையுங்கள்.

மேடைக்கு வரும் கள்ளன் ஆடுவான், பாடுவான், அழ வைப்பான், பொழுது விடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விடுவான். அவனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. மறதி என்று இன்னொரு கள்ளன் இருக்கிறான். அவன் சத்தம் போடாமல் வருகிறான், வந்த சுவடே தெரியாமல் கொண்டுபோகிறான். அவனுக்குத் திண்டுக்கல்லிலும் பூட்டுக் கிடையாது. பாடிக்கொண்டே இருப்பதுதான் அவனுக்குப் பூட்டு!